கடிக்கும் குட்டி, ஈரமான தரை, தீபாவளி வெடி: நாய் வளர்ப்பு கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளைப் பற்றியவை. "எவ்வளவு அடித்தும் திருந்தவில்லை" என்ற வரி பல கடிதங்களில் இருக்கிறது. அடித்ததால்தான் திருந்தவில்லை என்பது எங்கள் பதில். குட்டி தனக்கு லாபம் தரும் காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும். நமக்கு வேண்டிய காரியத்தில் அந்த லாபம் கிடைக்கும்படி வீட்டை மாற்றி அமைப்பதுதான் பயிற்சி. ஒவ்வொரு கேள்விக்கும் அதை எப்படிச் செய்வது என்று எழுதியிருக்கிறோம்.

வேளச்சேரியில் மூன்றாவது மாடி ஃபிளாட். ஒன்பது வார பீகிள் குட்டி. பால்கனியில் நியூஸ்பேப்பர் விரித்திருக்கிறோம். அதை விட்டுவிட்டு ஹாலில் மிதியடி மேல்தான் மூத்திரம் போகிறது. மூக்கைப் பிடித்து அதில் தேய்த்தால் புத்தி வரும் என்கிறார்கள். செய்யலாமா?
— வாசகி, சென்னை

செய்யாதீர்கள். போய் முடித்த செயலையும் பிறகு கிடைக்கும் தண்டனையையும் குட்டியால் சேர்த்துப் பார்க்க முடியாது. தரையில் ஈரமும் பக்கத்தில் நீங்களும் இருந்தால் ஆபத்து என்பது மட்டும் அதற்குப் பதியும். அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் போகும். அதைவிடக் கெட்ட விளைவு ஒன்று உண்டு. உங்கள் முன்னால் போகவே பயந்து, வெளியே நடக்கக் கூட்டிப்போனால் அடக்கிவைத்திருந்து வீட்டுக்குள் வந்ததும் போகும்.

ஒன்பது வாரக் குட்டியின் சிறுநீர்ப்பை மிகச் சிறியது. விழித்து விளையாடும் நேரத்தில் 30 முதல் 45 நிமிடத்துக்கு ஒரு முறை பால்கனிக்குக் கொண்டுபோங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட 5 முதல் 20 நிமிடத்துக்குள், விளையாட்டு முடிந்ததும், இரவு படுக்கும் முன்னும் கட்டாயம். தூங்கி எழுந்த குட்டியை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டே போங்கள். நடந்தால் பாதி வழியில் ஹாலிலேயே போய்விடும். பால்கனியில் பேசாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். போய் முடித்த நொடியில் "சபாஷ்" சொல்லி, அந்த இடத்திலேயே இரண்டு விநாடிக்குள் ஒரு தீனித்துண்டு கொடுங்கள். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். உள்ளே வந்த பிறகு டப்பாவைத் திறந்து கொடுத்தால், உள்ளே ஓடி வந்ததற்குக் கூலி கிடைத்ததாக அது கணக்குப் போடும். தீனி உங்கள் பையிலேயே இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் போகவில்லை என்றால் மடியில் வைத்துக்கொண்டோ லீஷை (நாயைப் பிடிக்கும் வார்) பிடித்தபடியோ பத்து நிமிடம் உள்ளே இருந்துவிட்டு மறுபடி போங்கள். அந்தப் பத்து நிமிடம் குட்டியைச் சும்மா திரிய விட்டால்தான் மிதியடி நனைகிறது.

மிதியடி ஏன் பிடிக்கிறது? காலுக்கு மெத்தென்று இருக்கிறது, பழைய வாசனையையும் பிடித்துவைக்கிறது. சில வாரங்களுக்கு எல்லா மிதியடிகளையும் எடுத்துவிடுங்கள். நியூஸ்பேப்பருக்குப் பதில் ஒரு தட்டில் புல் பத்தை வைத்தால் பிறகு மண்ணுக்கு மாறுவது சுலபம். பேப்பரில் பழகிய குட்டி நாளைக்குத் தரையில் கிடக்கும் எந்தக் காகிதத்தின் மேலும் போகும்.

பினாயில் போட்டுத் துடைத்தால் நம் மூக்குக்குத்தான் வாசனை போகும், அதன் மூக்குக்குப் போகாது. பாதத்தை நக்கும் குட்டிக்குப் பினாயில் நல்லதும் அல்ல. செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனர் வாங்குங்கள். இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து துடையுங்கள். சிறுநீர் மேல் நேரடியாக பிளீச் ஊற்றாதீர்கள். எரிச்சல் தரும் வாயு கிளம்பும்.

மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை என்று நேரம் தவறாமல் உணவு கொடுத்தால் கழிவும் நேரத்துக்கு வரும். தண்ணீரைக் குறைத்து அடக்கப் பார்க்காதீர்கள், நம் வெயிலுக்கு அது ஆபத்து. நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று சொட்டுச் சொட்டாகப் பல முறை போனாலோ முக்கினாலோ அது பயிற்சிக் குறை அல்ல. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதினோரு வார லாப்ரடார். கை, கால், புடவை முந்தானை எதையும் விடுவதில்லை. "நோ" என்று கத்தினால் இன்னும் வெறி ஏறுகிறது. ஆறு வயது மகள் நாள் முழுக்க நாற்காலி மேல் ஏறி நிற்கிறாள்.
— வாசகி, திருச்சி

குட்டிக்கு 28 பால் பற்கள், எல்லாம் ஊசி. நாலாவது மாத வாக்கில் அவை விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். அதுவரை வாயில் எதையாவது போட்டு மெல்லத்தான் செய்யும். எதை மெல்லலாம் என்பதை நாம் முடிவு செய்யலாம்.

கத்துவதும் கையை வெடுக்கென்று இழுப்பதும் அதற்கு விளையாட்டு. பல் பட்டதும் கையை அசைக்காமல் நிறுத்துங்கள். மறு கையில் கயிற்றுப் பொம்மையையோ முடிச்சுப் போட்ட பருத்தித் துணியையோ நீட்டி, அதைத் தரையில் அசைத்துக் காட்டுங்கள். அசையும் பொருளைத்தான் குட்டி பிடிக்கும். பொம்மை எல்லா அறையிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தேடிப்போகும் நேரத்தில் பாடம் போய்விடும். பொம்மைக்கு மாறாமல் மறுபடி கையைக் கடித்தால், ஒன்றும் பேசாமல் எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய் 20, 30 விநாடி கழித்து வாருங்கள். கடித்தால் விளையாட்டு நின்றுபோகிறது என்பது புரிய வேண்டும். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் கையோடு மல்லுக்கட்டி விளையாடிக்கொண்டிருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். தொடங்கிய முதல் சில நாள் கடி கூடும். இதுவரை பலித்த வழி திடீரென்று பலிக்காததால் இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. அந்தக் கட்டத்தில் விட்டுக்கொடுத்தால், பலமாகக் கடித்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

மாலை ஆறு, ஏழு மணிக்கு வெறி பிடித்த மாதிரி ஓடிக் கடிக்கிறதா? பெரும்பாலும் தூக்கம் போதவில்லை. இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். விருந்தாளிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. ஒரு மணி நேரம் விழித்திருந்தால், மெல்ல ஏதாவது கொடுத்து அதன் மூலையில் படுக்க விடுங்கள்.

மெல்லுவதற்குத் துணியை நனைத்து முறுக்கி ஃபிரீசரில் வைத்துக் கொடுக்கலாம், ஈறுக்கு இதமாக இருக்கும். குளிரவைத்த தடித்த கேரட்டும் நல்லது. சமைத்த கோழி எலும்பு, ஆட்டெலும்பு கூடாது. சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பழைய செருப்பைக் கொடுக்காதீர்கள், பழையது எது புதியது எது என்று அதற்குத் தெரியாது.

மகளுக்கு ஒரு விஷயம் சொல்லிக்கொடுங்கள்: குட்டி தாவினால் ஓடக் கூடாது, கையைக் கட்டிக்கொண்டு பார்வையைத் தாழ்த்தி மரம்போல நிற்க வேண்டும். ஓடினால் துரத்தும். குட்டி நான்கு காலும் தரையில் வைத்து நின்றதும் மகள் ஒரு துண்டைத் தரையில் போடட்டும். கையிலிருந்து நேராக ஊட்ட வேண்டாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் ஒன்றாக விடாதீர்கள்.

வாயை இறுக்கி மூடுவது, மூக்கில் சுண்டுவது, நாக்கை அழுத்துவது எதுவும் வேண்டாம். கை வந்தாலே ஒடுங்கும் நாய்தான் பிறகு உறுமாமல் நேராகக் கடிக்கிறது. தோல் கிழிந்திருந்தால் "குட்டிதானே" என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். உங்கள் குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் வயது இன்னும் வரவில்லை என்பதை மறக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் மனிதர்களுக்கான தடுப்பூசி இலவசம்.

கோம்பைக் குட்டி வளர்க்கிறோம். என் மாமனார் நாற்பது வருடமாக நாய் வளர்த்தவர். "நாம்தான் தலைவன் என்று அதற்குத் தெரியணும், மல்லாக்கப் போட்டு அமுக்கிப் பிடி, நாம சாப்பிட்ட பிறகுதான் அதுக்குப் போடு" என்கிறார். அவர் பேச்சை மீறவும் மனம் வரவில்லை.
— வாசகி, திண்டுக்கல்

உங்கள் மாமனார் சொல்வது உலகம் முழுக்கப் பரவிய கருத்து. அதன் வேர் 1947-இல் இருக்கிறது. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்துவைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து, அவை சண்டையிட்டுத் தலைமையைப் பிடிப்பதாக எழுதினார். அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1970-இல் எழுதிய நூல் அதைப் பரப்பியது. பிறகு அதே மீச், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைக்காலம் கூடவே இருந்து பார்த்தார். அங்கே கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம். தலைமைக்கான போர் என்று எதுவும் இல்லை. 1999-இல் அதை எழுதி, தன் பழைய கருத்தைத் தானே திருத்தினார். நாயோ ஓநாயும் அல்ல.

மல்லாக்கப் போட்டு அமுக்குவதன் விளைவு பற்றியும் தகவல் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நடத்தைக் கோளாறுக்காக நாயைக் கூட்டிவந்தவர்களிடம் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். அடித்ததாக அல்லது உதைத்ததாகச் சொன்னவர்களில் 43 சதவீதத்தினரின் நாய் அவர்கள் மேலேயே பாய்ந்திருந்தது. மல்லாக்க அமுக்கியவர்களில் 31 சதவீதம். கோம்பை இயல்பிலேயே காவல் குணம் மிகுந்தது, அந்நியரை எளிதில் நம்பாது. அதை வீட்டாரையும் நம்பாத நாயாக்கிவிட வேண்டாம். யார் முதலில் சாப்பிடுகிறார்கள் என்பதற்கும் மரியாதைக்கும் சம்பந்தமில்லை. எப்படியும் போடுங்கள், நேரத்துக்குப் போடுங்கள்.

மாமனாரோடு வாதாட வேண்டாம். "மாமா, நீங்கதான் இதுக்கு உட்காரச் சொல்லிக்கொடுக்கணும்" என்று வேலையை அவரிடமே கொடுங்கள். விரல்களுக்கு நடுவே ஒரு துண்டை வைத்துக் குட்டியின் மூக்கருகே கொண்டுபோய், மெதுவாகத் தலைக்கு மேல் பின்பக்கமாக நகர்த்த வேண்டும். மூக்கு மேலே போகப் பின்பகுதி தானாகத் தரையில் இறங்கும். இறங்கிய கணத்தில் "சபாஷ்", உடனே துண்டு. குட்டி எகிறிக் குதித்தால் கை மிக உயரத்தில் இருக்கிறது என்று பொருள். பின்வாங்கினால் சுவர் மூலையில் நிறுத்திச் செய்யலாம். முதுகை அமுக்க வேண்டியதில்லை. இரண்டு நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை போதும். நாலைந்து முறை சரியாக வந்த பிறகு வெறும் கையால் அதே சைகை. அது பழகியதும் சைகைக்கு ஒரு விநாடி முன்னால் "உட்கார்" என்ற சொல். தொடக்கத்திலேயே பத்து தடவை "உட்கார் உட்கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்தச் சொல் வெறும் சத்தமாகப் போய்விடும். அவர் சொல்லிக் குட்டி உட்காருவதை ஒரு வாரம் பார்த்துவிட்டால் அமுக்கும் பேச்சு அவரிடமிருந்தே வராது.

சைவ வீடு. பயிற்சிக்கு என்ன கொடுப்பது? இப்போதைக்கு குளுக்கோஸ் பிஸ்கட் கொடுக்கிறோம்.
— வாசகர், கும்பகோணம்

பிஸ்கட்டை நிறுத்துங்கள். சர்க்கரையும் மைதாவும் தவிர அதில் ஒன்றுமில்லை. கடித்துத் தின்ன நேரம் பிடிப்பதால் பாடமும் அறுந்துபோகும். பயிற்சித் துண்டு பட்டாணியில் பாதி அளவில், மென்மையாக, ஒரு விநாடியில் விழுங்கக்கூடியதாக இருக்க வேண்டும். பனீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி, கேரட் எல்லாம் சரி. வீட்டுக்குள் சுலபமான பாடத்துக்கு அன்றைய உலர் தீவனத்திலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்துவைத்துக்கொள்ளலாம். பனீரை வாசலுக்கும் தெருவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கவனம் சிதறும் இடத்தில் கூலி உயர வேண்டும். தீவனம் தவிர்த்துக் கொடுக்கும் துண்டுகள் எல்லாம் சேர்ந்து நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேசரி, பாயசம் வழியாக அவை போகாமல் பாருங்கள். வெங்காயம், பூண்டு சேர்ந்த சாம்பார் சாதம், சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லா சூயிங்கம் ஆகியவையும் விலக்கு. தயிர்ச் சாதம் மட்டுமே சாப்பிட்டு வளரும் குட்டிக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதாது, கால் வளைந்துவிடும். வளரும் குட்டிக்கென்று எல்லாச் சத்தும் சேர்ந்த சைவத் தீவனம் எது என்று கால்நடை மருத்துவரைக் கேட்டு அதை அடிப்படை உணவாக வையுங்கள்.

இரண்டரை மாத ராஜபாளையம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வருகிறது. திமிர் பிடித்த குட்டி என்கிறார்கள்.
— வாசகர், சிவகாசி

முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். டால்மேஷியன் போன்ற வெள்ளை ரோம இனங்களில் பிறவிச் செவிடு உண்டு. ராஜபாளையத்திலும் அது காணப்படுகிறது. உள்காதில் இருக்க வேண்டிய நிறமிச் செல்கள் இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் செல்கள் அழிந்துபோகின்றன.

குட்டி அயர்ந்து தூங்கும்போது அதன் பார்வைக்குப் பின்னால், சற்றுத் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், விசில் அடியுங்கள். தரையைத் தட்டாதீர்கள், காற்று படும்படி கை தட்டாதீர்கள். அதிர்வையும் காற்றையும் உணர்ந்து எழுந்தால் கேட்டதாக ஏமாந்துபோவோம். காது கூட அசையவில்லை என்றால், வேறு வேறு நேரத்தில் சோதித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டியை வீட்டுச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மூளை அலைகளை அளக்கும் செவிச் சோதனை தேவை.

கேட்காது என்று தெரிந்தால் பயிற்சி நின்றுவிடாது. "சபாஷ்" என்ற சொல்லுக்குப் பதில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுங்கள். முதல் சில நாள் கட்டைவிரல், உடனே துண்டு, மறுபடி கட்டைவிரல், துண்டு என்று மட்டும் செய்தால் அந்தச் சைகை அதற்கு இனிக்கத் தொடங்கும். உட்கார, வர, படுக்க எல்லாவற்றுக்கும் பெரிய, ஒன்றுக்கொன்று மாறுபட்ட கைச்சைகைகளை வையுங்கள். குட்டி தானாக உங்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கூலி கொடுங்கள். செவிட்டு நாய்க்கு இந்தப் பழக்கம்தான் உயிர்நாடி. எழுப்பும்போது தொடாமல் மூக்கருகே தீனியை நீட்டுங்கள். வாசனையில் கண் திறக்கும். அது பழகிய பிறகு தோளை லேசாகத் தொட்டு உடனே தீனி. திடுக்கிட்டுக் கடிப்பது சில வாரத்தில் அடங்கும். சுவர் இல்லாத இடத்தில் லீஷ் இல்லாமல் விடவே கூடாது. இதை வைத்து இனப்பெருக்கமும் செய்யக் கூடாது.

தடுப்பூசி எல்லாம் முடியும்வரை வெளியே கொண்டுபோகாதே என்கிறார் ஒருவர், இப்போதே நாலு இடம் காட்டு என்கிறார் இன்னொருவர். குட்டிக்கு எட்டு வாரம்.
— வாசகி, மதுரை

இருவர் சொல்வதும் உண்மை. குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போகும். வெறிநோய் ஊசி மூன்று மாதம் முடிந்ததும். ஆனால் புதியதைப் பயமில்லாமல் ஏற்கும் பருவம் மூன்றாம் வாரத்தில் தொடங்கி பன்னிரண்டு, பதினாலு வாரத்தில் மூடத் தொடங்குகிறது. 1961-இல் வெளியான ஓர் ஆய்வில், பதினாலு வாரம் வரை மனிதரையே பார்க்காமல் வளர்ந்த குட்டிகளைப் பிறகு பழக்குவது ஏறக்குறைய முடியாமலே போனது. பதினாறு வாரம் காத்திருந்தால் கதவு சாத்திவிடும்.

ஆகவே காட்டுங்கள், தரையில் விடாதீர்கள். தெருநாய்கள் கழியும் இடமும் பூங்காவும் மருத்துவமனைத் தரையும்தான் ஆபத்து; பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கையில் தூக்கிக்கொண்டு தெருமுனையில் பத்து நிமிடம் நில்லுங்கள். ஆட்டோ ஹாரன், ஹெல்மெட் போட்டவர், குடை, ரெயின்கோட், தாடிக்காரர், கைத்தடி ஊன்றும் பாட்டி, தூரத்தில் கேட்கும் கோயில் மேளம் எல்லாம் இதில் அடங்கும். வீட்டுக்குள் மிக்சி, குக்கர் விசில். தடுப்பூசி முழுதாகப் போட்ட, சாதுவான நாய் உள்ள நண்பர் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு புதிய அனுபவம் போதும். ஒவ்வொன்றோடும் ஒரு துண்டு. வாலை ஒடுக்கினாலோ தீனியை மறுத்தாலோ தூரத்தைக் கூட்டுங்கள். பழகட்டும் என்று அந்நியர் கையில் திணிப்பது நேர்மாறான பலன் தரும்.

ராத்திரி முழுக்க அழுகிறது. கண்டுகொள்ளாமல் விட்டால் சரியாகிவிடுமா?
— வாசகர், வேலூர்

விடாதீர்கள். நேற்றுவரை தாயோடும் உடன்பிறப்புகளோடும் ஒட்டிப் படுத்த குட்டி அது. அட்டைப்பெட்டியையோ கூண்டையோ உங்கள் கட்டில் பக்கத்திலேயே வையுங்கள், அழுதால் விரலைத் தொங்கவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரு முறை விளக்கைப் போடாமல், பேசாமல் கழிவுக்குக் கொண்டுபோய் வாருங்கள். ஒரு வாரம், பத்து நாள் நிம்மதியாகத் தூங்கிய பிறகு பெட்டியை நாளுக்கு ஓரடியாக நகர்த்தி வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

நாலரை மாதக் குட்டி. சாப்பிடும்போது என் மகன் பக்கத்தில் போனால் உறுமுகிறது. கிண்ணத்தில் கைவிட்டுப் பழக்கச் சொல்கிறார்கள்.
— வாசகர், ஈரோடு

கைவிடுவதுதான் இந்த உறுமலை வளர்க்கிறது. "மனிதர் வந்தால் சாப்பாடு பறிபோகும்" என்ற அதன் சந்தேகத்தை ஒவ்வொரு முறையும் உறுதிசெய்கிறீர்கள். உறுமலைத் தண்டிக்கவும் கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கினால் எச்சரிக்கை போய்விடும், பயம் அப்படியே இருக்கும்.

இன்று முதல் கதவுக்குப் பின்னால் தனியாகச் சாப்பிடட்டும், மகன் கிட்டே போக வேண்டாம். பயிற்சியைப் பெரியவர் செய்ய வேண்டும். குட்டி சாப்பிடும்போது உறுமாத தூரத்தில், இரண்டு மீட்டர் என்று வையுங்கள், நடந்து போகிற போக்கில் கிண்ணத்தின் பக்கம் ஒரு கோழித் துண்டை வீசிவிட்டு நிற்காமல் போங்கள். நீங்கள் வரும்போதே தலையை நிமிர்த்தி ஆவலாகப் பார்க்கத் தொடங்கியதும் அரை அடி நெருங்குங்கள். உடல் விறைத்தாலோ, வேகமாக விழுங்கினாலோ, கடைக்கண்ணால் வெள்ளை தெரியப் பார்த்தாலோ நெருங்கியது அதிகம், பின்னால் போங்கள். வாயில் எலும்போ செருப்போ இருந்தால் பிடுங்காமல், அதைவிடச் சுவையானதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பல் பட்டிருந்தால் நீங்களே முயல வேண்டாம், நடத்தைப் பிரச்சினைகளில் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

தோட்டத்தில் ஐந்து மாத சிப்பிப்பாறை. மயிலைக் கண்டால் அம்பு மாதிரி பறக்கிறது, கத்திக் கூப்பிட்டாலும் வருவதில்லை.
— வாசகர், பொள்ளாச்சி

முயல் வேட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். கண்ணில் ஓட்டம் பட்டால் காது அடைத்துவிடும். மயில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் இது உங்களுக்கும் சிக்கல். இப்போதைக்கு வேலியில்லாத இடத்தில் பத்து மீட்டர் நீளக் கயிறு இல்லாமல் விடாதீர்கள். கயிறு ஹார்னஸில் (நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டை) மாட்டப்பட வேண்டும். கழுத்தில் மாட்டினால் இந்த வேகத்துக்குக் கழுத்தில் பலமாக அடிபடலாம்.

கூப்பிட ஒரு புதுச் சொல் வையுங்கள். பழைய சொல் கெட்டுவிட்டது, அதைக் கேட்டு வராமலிருக்கவே குட்டி பழகியிருக்கிறது. புதுச் சொல்லை வீட்டுக்குள் இரண்டு மீட்டர் தூரத்தில் தொடங்கி, இருவர் எதிரெதிரே உட்கார்ந்து மாறி மாறிக் கூப்பிட்டுப் பழக்குங்கள். பிறகு களம், பிறகு தோட்டம். வந்ததும் கோழி ஈரல், உடனே "போ" என்று மறுபடி விளையாட விடுங்கள். கூப்பிட்டதும் கட்டிப்போடுவது, குளிப்பாட்டுவது, திட்டுவது என்றால் எந்த நாயும் வராது. இந்த இனத்துக்குத் தீனியைவிட ஓட்டம் பெரிய கூலி. கயிற்று நுனியில் ஒரு துணியைக் கட்டித் தரையில் இழுத்து, வந்ததும் அதைத் துரத்த விடுங்கள். தப்பி ஓடினால் பின்னால் ஓடாதீர்கள். எதிர்த்திசையில் ஓடுங்கள், துரத்தும் ஆசையில் திரும்பி வரும். இவ்வளவுக்குப் பிறகும் மயில் கண்முன் ஓடும்போது திரும்பிவரும் சிப்பிப்பாறை அபூர்வம். வேலிதான் நிரந்தரத் தீர்வு.

தீபாவளிக்குக் கட்டிலடியில் போய் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. தூக்கிக் கொஞ்சினால் பயம் கூடும் என்கிறார்களே?
— வாசகி, தஞ்சாவூர்

பயம் அதிகமாகாது, கொஞ்சலாம். பயம் ஓர் உணர்ச்சி, ஆறுதல் சொல்வதால் வளராது. உங்களிடம் ஒட்டிக்கொள்ள வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். கட்டிலடியே வேண்டுமென்றால் வெளியே இழுக்காதீர்கள்.

பயிற்சியை ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். வெடிச் சத்தப் பதிவை ஸ்பீக்கரில், காது லேசாக அசையும் அளவுக்கு மட்டும் மெதுவாக வைத்து, சத்தம் வந்த உடனே பனீர் கொடுங்கள். சத்தம் முதலில், தீனி பிறகு. வரிசை மாறினால் தீனியைக் கண்டாலே பயப்படும். நாளுக்கு ஐந்து நிமிடம். தீனியை மறுத்தால் ஒலி அதிகம், குறையுங்கள். போன் ஸ்பீக்கரில் வெடியின் அடித்தொனி வராது என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

2018 முதல் தமிழகத்தில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வெடிக்க நேரம் குறித்திருக்கிறார்கள், தெரு அதோடு நிற்பதில்லை. அன்று விடியும் முன்பே நடத்திக் கூட்டிவந்துவிட்டு, ஜன்னல் குறைந்த அறையில் திரை போட்டு, ஃபேனும் டிவியும் ஓடட்டும். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் எண் இருக்க வேண்டும், பயத்தில் ஓடித் தொலையும் நாய்கள் ஏராளம். போன வருடம் நடுங்கியிருந்தால் இரண்டு வாரம் முன்னமே மருத்துவரைப் பார்த்துப் பதற்றம் குறைக்கும் மருந்து கேளுங்கள். உடம்பை மட்டும் அசையாமல் போட்டுப் பயத்தை அப்படியே விட்டுவைக்கும் மருந்துகளும் உண்டு என்பதால், இந்த வித்தியாசத்தைச் சொல்லியே கேளுங்கள். மனிதர்களின் தூக்க மாத்திரை கூடவே கூடாது.

நடக்கக் கூட்டிப்போனால் கையைப் பிய்க்கிற மாதிரி இழுக்கிறது. முள் செயின் வாங்கலாமா?
— வாசகர், சேலம்

வேண்டாம். மூச்சுக்குழலும் கழுத்து நரம்பும் கெடும். எதிரே வரும் நாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலித்தால், நாய்களைக் கண்டாலே குரைக்கும் பழக்கம் வரும். நெஞ்சில் வளையம் உள்ள ஹார்னஸும் இரண்டு மீட்டர் லீஷும் வாங்குங்கள். லீஷ் விறைத்ததும் நின்றுவிடுங்கள், தளர்ந்ததும் நடங்கள். உங்கள் காலுக்குப் பக்கத்தில் வரும்போது தொடையருகே துண்டு கொடுங்கள். முதல் நாள் இரண்டடிக்கு ஒன்று, பிறகு ஐந்தடிக்கு, பத்தடிக்கு. முதல் வாரத்தில் வாசலிலிருந்து தெருமுனை வரை போகவே பதினைந்து நிமிடம் ஆகும். அவசரமாக எங்காவது போக வேண்டிய நாளில் இந்தப் பயிற்சியை வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு நாள் இழுத்துப் போனாலும் இழுத்தால் பலிக்கும் என்று நினைவில் நிற்கும். கோடையில் காலை ஏழு மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். மாலையில் தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் இன்னும் ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள்.